வருத்தம் காட்டாத வைரஸ் முரசைக் கரைக்குமா? களுவாஞ்சிக்குடித் தங்கச்சிக்கு ஒரு நீட்டுப் பதில்

தங்கச்சி, நீங்க கேட்டத மத்த ஆக்களுக்கும் விளங்குற மாதிரி முதல்ல சுருக்கிச் சொல்லிடுறன். நீங்க களுவாஞ்சிக்குடிப் பக்கம், இப்ப 5 மாசக் கர்ப்பிணி. ரெண்டு மூணு கிழமையா பல்லுத் தீட்டக்குள்ள முரசால (இந்தியாவில இத ஈறு எண்டு சொல்லுவாங்க) ரத்தம் வருது, மேல் வரிசை முன் பல்லு ரெண்டுக்கு நடுவுல முரசு சிவந்து பொம்மி நிக்குது. போன முறை புள்ள தங்காமப் போனதால உங்கட அவர் பயந்து ஒரு தனியார் லாப்ல டோர்ச் டெஸ்ட் (வயித்துப் புள்ளையப் பாதிக்கக்கூடிய சில தொற்றுகளத் தேடுற ரத்தப் பரிசோதனை) எடுத்திருக்கார், அதுல சைட்டோமெகலோ வைரஸுக்கு ஐஜிஜி பொசிட்டிவ், ஐஜிஎம் நெகட்டிவ் எண்டு வந்திருக்கு. ரிப்போட்டக் கையில தந்தவங்க ஒண்டும் விளங்கப்படுத்தல்ல. நீங்க போன்ல தேடிப் பாத்திருக்கீங்க, அந்த வைரஸ் முரசையும் தாடை எலும்பையும் கரைக்கும் எண்டு போட்டிருந்திச்சு. காய்ச்சல் இல்ல, தடிமன் இல்ல, ஒரு வருத்தமும் இல்ல, மறுகா எப்பிடி உள்ளுக்குள்ள இருந்து முரசைக் கெடுக்கும், இதுக்கு மருந்து எடுக்கணுமா, பல் டொக்டரிட்டப் போனா வயித்துப் புள்ளைக்கு ஏதும் ஆகுமா எண்டு கேட்டிருக்கீங்க. மாமி வேற, புள்ள வயித்துல இருக்கக்குள்ள பல்லுல கை வைக்கப்படாது எண்டு சொல்றாவாம்.

நான் பல் வைத்தியர். அம்பாறையில 6 வருஷம், மறுகா மட்டக்களப்புப் பக்கம் 10 வருஷத்துக்கு மேல. உங்கட மாதிரிப் புள்ளைகள் கிழமைக்கு நாலஞ்சு பேரப் பாக்கிறன், அதால இத நிதானமா எழுதுறன், நீங்களும் ஆறுதலா இருந்து வாசிங்க. முதல்ல பதில் என்னெண்டா, ஓம், குணங்குறி ஒண்டும் காட்டாத வைரஸுக்கு முரசு வருத்தத்துல பங்கு இருக்கலாம், அது பொய்யில்ல, 30 வருஷமா அதப் பத்தி ஆராய்ச்சி நடக்குது. ஆனா உங்கட முரசுல ரத்தம் வாறதுக்கு முதல் காரணம் அந்த வைரஸ் எண்டு நான் நினைக்கல்ல. அந்த ரிப்போட்டப் பாத்து ராவெல்லாம் முழிச்சுக் கிடக்க வேணாம். அதோட, பல் கிளினிக்குக்குப் போறதுக்கு உங்களுக்கு இதுதான் நல்ல மாசம், தள்ளிப் போடாதீங்க.

ரிப்போட்ட எடுப்பம். ஐஜிஜி எண்டுறது உடம்பு ஒரு கிருமிய எப்பவோ சந்திச்சு அதுக்கெதிரா செஞ்சு வெச்சிருக்கிற காவல், அது வருஷக்கணக்கா, அநேகமா சாகும் மட்டும் ரத்தத்துல இருக்கும். ஐஜிஎம் எண்டுறது கிட்டடியில தொத்தினா முதல்ல எழும்புறது. உங்களுக்கு ஐஜிஜி இருக்கு ஐஜிஎம் இல்ல எண்டா, அந்த வைரஸ் உங்களுக்குச் சின்ன வயசிலயோ பள்ளிக்கூடத்திலயோ எப்பவோ வந்து போயிருக்கு, நீங்க அத ஒரு சாதாரணக் காய்ச்சலாக் கூட உணர்ந்திருக்க மாட்டீங்க. எங்கட மாதிரி நாடுகள்ல வளந்த ஆக்கள்ல பெரும்பாலான ஆக்களுக்கு இந்த டெஸ்ட் பொசிட்டிவாத்தான் வரும். உங்கட அவருக்குச் செஞ்சாலும் வரும், மாமிக்குச் செஞ்சாலும் வரும், எனக்கும் வரும். கர்ப்பத்துல இந்த வைரஸப் பத்தி டொக்டர்மார் கூடக் கவலப்படுறது, தாய்க்கு முதல் முதலா அது கர்ப்ப காலத்துல தொத்தினாத்தான். பழசு திரும்ப எழும்பியும் புள்ளைக்குப் போகலாம்தான், ஆனா அது குறைவு. அந்தப் பக்கத்த உங்கட விஓஜி (மகப்பேற்று) டொக்டரிட்ட ரிப்போட்டக் காட்டிக் கேளுங்க, நான் முரசுப் பக்கத்தோட நிக்கிறன்.

இந்த வைரஸ் தனியாள் இல்ல, ஒரு பெரிய குடும்பம். ஹெர்பிஸ் குடும்பம் எண்டு சொல்லுவாங்க. முரசோட சம்பந்தப்படுத்திக் கதைக்கிறது இதுல மூணு பேர: உங்கட ரிப்போட்டுல இருக்கிற சைட்டோமெகலோ, 1964 ல எப்ஸ்டீனும் அவரோட சேர்ந்த பாரும் அச்சோங்கும் கண்டுபிடிச்ச எப்ஸ்டீன் பார் வைரஸ், உதட்டோரம் கொப்புளம் போடுற ஹெர்பிஸ் சிம்ப்ளெக்ஸ் 1. எப்ஸ்டீன் பார் உலகத்துல வளந்த ஆக்கள்ல 100 பேருக்கு 90 பேருக்கு மேல இருக்கு. ஹெர்பிஸ் சிம்ப்ளெக்ஸ் 1, 50 வயசுக்குக் கீழ உள்ள ஆக்கள்ல மூணுல ரெண்டு பங்கு ஆக்களுக்கு இருக்கு எண்டு உலக சுகாதார நிறுவனம் கணக்குச் சொல்லுது, அதுல கனபேருக்கு வாழ்நாள்ல ஒரு கொப்புளமும் வந்திருக்காது.

இதுகள்ட குணம் என்னெண்டா ஒருக்கா உள்ளுக்கு வந்தா வெளிய போறதில்ல. உங்கட வீட்டுல வயல் செய்யிற ஆக்கள் இருந்தா இது உடன விளங்கும். கோடையில வயலப் பாருங்க, வெடிச்சுக் காஞ்சு கிடக்கும், ஒரு புல்லும் இல்ல. ஆனா மண்ணுக்குள்ள கோரைக் கிழங்கு கிடக்குது. பெரும்போகத்துக்கு முதல் மழை விழுந்து மண் நனஞ்சா அடுத்த கிழமையே தலை தூக்கும். வைரஸும் அப்பிடித்தான், ஆளாளுக்கு ஒவ்வொரு இடத்துல படுத்துக் கிடக்கும். சிம்ப்ளெக்ஸ் முகத்து நரம்புட முடிச்சுக்குள்ள, எப்ஸ்டீன் பார் பி செல் எண்டுற வெள்ளணுவுக்குள்ள, சைட்டோமெகலோ மொனோசைட் எண்டுற இன்னொரு வகை வெள்ளணுவுக்குள்ளயும் அதுகள் பிறக்கிற எலும்பு மச்சைக்குள்ளயும். நித்திரை கொள்ளக்குள்ள அது ஒண்டும் செய்யாது, நமக்கும் தெரியாது. இடைக்கிட எழும்பி எச்சியில கொஞ்சம் வெளிய வரும், அப்பவும் நமக்குத் தெரியாது. வருத்தம் காட்டாத தொற்று எண்டு சொல்றது இதத்தான்.

இப்ப முரசுக்கு வருவம். பல்லுக்கும் முரசுக்கும் நடுவுல சுத்திவர ஒரு சின்ன வெட்டு இருக்கு, நல்ல முரசுல அது 1 இருந்து 3 மில்லிமீற்றர் ஆழம். அந்த ஓரத்துல சாப்பாட்டுப் பசையும் கிருமியும் சேர்ந்து மெல்லிசா ஒரு படலம் போடும், நகத்தால சுரண்டினா வெள்ளையா வரும். அதத் தீட்டி எடுக்காம விட்டா என்ன நடக்கும் எண்டு 1965 ல டென்மார்க்ல ஹரால்ட் லோ எண்டவர் 12 பேரப் பல்லுத் தீட்டாம இருக்கச் சொல்லிப் பாத்தார், 10 நாள்ல இருந்து 21 நாளுக்குள்ள அத்தன பேருக்கும் முரசு வீங்கிச்சு. திரும்பத் தீட்டத் தொடங்க எல்லாருக்கும் சரியாப் போச்சு. முரசு வீங்கிறதுக்கு வைரஸ் தேவையில்ல, அந்த அழுக்குப் படலம் போதும் எண்டு அண்டைக்கே தெரிஞ்சிட்டு.

ஆனா முரசு வீங்கிறது வேற, முரசு கரையிறது வேற. வீங்கினது திரும்பி வரும். கரையிறது எண்டா உள்ளுக்குள்ள பல்லப் பிடிச்சிருக்கிற நாரும் எலும்பும் போறது, அது திரும்பி வராது. எல்லாருக்கும் அழுக்கு இருக்க, சில பேருக்கு மட்டும் ஏன் எலும்பு கரையுது? இதுக்கு உலகத்துக்கே பாடம் சொன்னது எங்கட நாட்டு மலையகத் தோட்டத் தொழிலாளர்தான், இத நான் எங்க பேசினாலும் சொல்லுவன். அதே ஹரால்ட் லோவும் அவரோட ஆக்களும் 1970 ல தேயிலைத் தோட்டங்கள்ல 480 ஆம்பிளைகளப் பதிஞ்சு 15 வருஷம் திரும்பத் திரும்ப வந்து பாத்தாங்க. அந்த மனுசருக்குப் பல் வைத்தியம் எண்டு ஒண்டும் கிடைச்சதில்ல, பிரஷ் இல்ல, எல்லாரிட பல்லுலயும் அழுக்கும் அது இறுகின கல்லும் நிறைய, சூத்தைப் பல்லு மட்டும் அநேகமா இல்ல. ஒரே வேலை, ஒரே சாப்பாடு, ஒரே மாதிரி லயத்து வீடு. அப்பிடி இருந்தும் 100க்கு 8 பேர் மாதிரிக்கு முரசு படு வேகமாக் கரைஞ்சு 45 வயசுக்குள்ள பல்லெல்லாம் போயிட்டு. 81 பேர் மாதிரிக்கு மெல்ல மெல்லக் கரைஞ்சிச்சு. 11 பேர் மாதிரிக்கு முரசு வீங்கினதோட சரி, எலும்புக்கு ஒண்டும் ஆகல்ல. அழுக்கு எல்லாருக்கும் ஒண்டு, முடிவு மூணு விதம். அந்த மனுசர் பட்ட கஷ்டத்துல இருந்துதான் பல் வைத்தியம் இந்த உண்மையப் படிச்சிச்சு, அதுக்கு நம்ம அவங்களுக்குக் கடன் பட்டிருக்கம்.

அந்த வித்தியாசம் எங்கால வருது எண்டு தேடினதுல பல காரணம் வந்திச்சு. பரம்பரை, சீனி வருத்தம், புகைத்தல், எந்தக் கிருமி இருக்கு எண்டுறது. 1990களுக்கு நடுவுல அமெரிக்காவில சதர்ன் கலிபோர்னியா பல்கலைக்கழகத்துல யோர்கன் ஸ்லொட்ஸ், அடோல்ஃபோ கொன்ட்ரெராஸ் எண்ட ரெண்டு பேர் இன்னொரு கேள்வி கேட்டாங்க, கிருமி கிருமி எண்டு பாக்டீரியாவ மட்டும் பாக்கிறமே, வைரஸப் பாத்தமா எண்டு. பிசிஆர் எண்டுறது அப்பதான் பரவலா வந்த காலம் (கொவிட் காலத்துல மூக்குல குச்சி விட்டு எடுத்தாங்களே, அந்த முறைதான்). முரசுட ஆழமான குழிக்குள்ள இருந்து எடுத்துப் பாக்கக்குள்ள, நல்ல முரச விடக் கரைஞ்ச முரசுல இந்த சைட்டோமெகலோவும் எப்ஸ்டீன் பாரும் கூடுதலாக் கிடைச்சிச்சு. அந்த ஆக்களுக்கு வேற ஒரு வைரஸ் வருத்தமும் இல்ல.

அவங்க சொல்ற வழிய நான் விளங்கின மாதிரிச் சொல்றன், ஒள்ளுப்பம் கவனமா வாசிங்க. பல்லோரம் அழுக்குச் சேர்ந்தா உடம்பு அத எதிர்க்க வெள்ளணுக்கள அந்த இடத்துக்கு அனுப்பும், ரத்தக்குழாய் விரியும், முரசு சிவக்கும். வாற வெள்ளணுவுல மொனோசைட்டும் இருக்கும் பி செல்லும் இருக்கும். அதுக்குள்ள யார் படுத்திருக்கிறது எண்டு மேல சொன்னன். அப்ப வீங்கின முரசுக்கு உதவிக்கு வாற ஆக்களே வைரஸையும் மடியில கட்டிக்கிட்டு வாறாங்க. வந்த இடத்துல வீக்கம், சூடு, கிருமிட நஞ்சு, இந்தக் குழப்பத்துல வைரஸ் எழும்புது. எழும்பினா ரெண்டு வேலை செய்யும். ஒண்டு, அது பிடிச்ச செல் வீக்கத்தக் கூட்டுற சாமான்கள இன்னும் நிறையச் சுரக்கும், இன்டர்லியூக்கின் 1, டிஎன்எஃப் எண்டு பேர். இதுகள் கூடினா எலும்பத் தின்னுற செல்லுகள் முழிச்சுக்கும். எலும்ப வைரஸ் நேரடியாக் கடிக்கிறது இல்ல தங்கச்சி, நம்மட உடம்பே அதக் கரைக்குது, வைரஸ் தூண்டி விடுது. மற்றது, கிருமியப் பிடிச்சு விழுங்குற வெள்ளணுட பலத்த அது குறைக்கும், அதால ஆழத்துல இருக்கிற கெட்ட பாக்டீரியா, முக்கியமா போர்ஃபிரோமோனாஸ் ஜிஞ்சிவாலிஸ் எண்டது, தடையில்லாமப் பெருகும்.

இதோட நிக்கல்ல. அந்த போர்ஃபிரோமோனாஸ் ஒரு கழிவு விடும், பியூட்டிரிக் அசிட், கெட்டுப்போன நெய்யில மணக்கிற அதே சாமான். ஜப்பான்ல நிஹோன் பல்கலைக்கழகத்து கெனிச்சி இமாயும் அவரோட ஆக்களும் அந்தக் கழிவு நித்திரையில கிடக்கிற எப்ஸ்டீன் பார் வைரஸத் தட்டி எழுப்புது எண்டு ஆய்வுகூடத்துல செல்லுகள வெச்சுக் காட்டினாங்க. அப்ப வைரஸ் பாக்டீரியாவுக்கு வழி விடுது, பாக்டீரியா வைரஸ எழுப்புது, ரெண்டும் ஒண்டுக்கொண்டு கை குடுக்குது. என்ட மனசுக்கு இந்த இடம் பெரிசாப் படும், ஏனெண்டா இந்தச் சுத்து எங்க தொடங்குது எண்டு பாத்தா திரும்பவும் அந்தப் பல்லோரத்து அழுக்குலதான் போய் நிக்குது. வைரஸ நம்மளால வெளிய எடுக்க ஏலாது. அழுக்க எடுக்க ஏலும்.

கிளினிக்ல பாத்த ஒண்டச் சொல்றன். படுவான்கரைப் பக்கம் ஒரு தம்பி, 30 வயசு கொஞ்சம் தாண்டினவர், வேளாண்மை செய்யிறவர், புகை இல்ல, சீனி இல்ல. வாயெல்லாம் ஓரளவுக்கு நல்லம், ஆனா கீழ் வரிசையில நாலு பல்லு மட்டும் கையால பிடிச்சா ஆடுது, எக்ஸ்ரேயில பாத்தா அந்த நாலுக்குக் கீழ எலும்பு பாதிக்கு மேல போயிட்டு, பக்கத்துப் பல்லுக்கு ஒண்டுமில்ல. ஒரு வருஷத்துக்கு முதல் சரியா இருந்திச்சாம், இடையில தகப்பன் செத்து, வெள்ளத்துல போகமும் போய், சாப்பாடு நித்திரை இல்லாம இருந்திருக்கார். அழுக்குத்தான் காரணம் எண்டா எல்லாப் பல்லும் ஒரே மாதிரிப் போயிருக்கணுமே, ஏன் நாலு மட்டும், ஏன் அந்தக் கொஞ்ச மாசத்துல? ஸ்லொட்ஸ்ட ஆக்கள் சொல்றது, மனக்கவலை, வேற வருத்தம், கர்ப்பம் மாதிரி நேரங்கள்ல உடம்புட காவல் ஒள்ளுப்பம் தளரும், அப்ப வைரஸ் எழும்பின இடத்துல மட்டும் இப்பிடி வேகமாக் கரைஞ்சு, மறுகா அது படுத்தா நிண்டுடும் எண்டு. அந்தத் தம்பிக்கு வைரஸ்தான் எண்டு நான் சொல்ல மாட்டன், அவருக்கு நான் வைரஸ் டெஸ்ட் ஒண்டும் செய்யவும் இல்ல. ஆனா அந்தப் பல்லுகளப் பாக்கக்குள்ள இந்த விளக்கம் என்ட மண்டைக்குள்ள ஓடிச்சு. ஆழமாக் கிளீன் பண்ணி, மூணு மாசத்துக்கொருக்கா வரச் சொல்லி, ரெண்டு பல்லக் காப்பாத்தினம், ரெண்டு போயிட்டு.

நீங்க போன்ல வாசிச்ச இடத்துல சொல்லாம விட்டதையும் சொல்லணும், இல்லாட்டி நான் நேர்மையா நடக்கல்ல. கரைஞ்ச முரசுல வைரஸ் கூட இருக்கு எண்டு கனக்க ஆய்வு சொல்லுது, ஆனா எல்லா ஆய்வும் அப்பிடிச் சொல்லல்ல, சிலதுல நல்ல முரசுலயும் கரைஞ்ச முரசுலயும் பெரிசா வித்தியாசம் இல்ல. கூட இருக்கு எண்டே வெச்சாலும், முரசு வீங்கினதால வெள்ளணு கூட வந்து அதோட வைரஸும் வந்திச்சா, இல்ல வைரஸ் எழும்பினதால முரசு கரைஞ்சிச்சா? பெரும்பாலான ஆய்வு ஒரு நாள் ஒரு நேரம் எடுத்துப் பாத்தது, அதுல எது முந்தி எது பிந்தி எண்டு சொல்ல ஏலாது. நெருப்புப் பிடிச்ச வீட்டுக்கு முன்னால சனம் கூடி நிண்டா அவங்கதான் கொளுத்தினவங்க எண்டு சொல்லிட ஏலுமா? வைரஸ் அந்தச் சனத்துல ஒராளா, இல்ல நெருப்புக்கு எண்ணெய் ஊத்தினவரா எண்டுறதுதான் வழக்கு. செல்லுக்குள்ள நடக்கிற வேலையப் பாக்கக்குள்ள எண்ணெய் ஊத்துறதாத்தான் எனக்குப் படுது, கொளுத்தினது அது இல்ல. இன்னொண்டு, முரசுக் குழியக் கிளீன் பண்ணி வீக்கம் குறைஞ்ச பிறகு திரும்ப எடுத்துப் பாத்தா வைரஸும் குறைஞ்சிருக்கு எண்டு கன ஆய்வுல வந்திருக்கு. உங்களுக்கு நல்ல செய்தி அதுதான்.

இனி உங்கட வாய். 5 மாசம், முன் பல்லு நடுவுல பொம்மல், தொட்டா ரத்தம். இது கர்ப்பகால முரசு வீக்கம், கர்ப்பிணிமாருல பாதிக்கு மேல ஆக்களுக்கு ஏதோ ஒரு அளவுல வாறது. வயித்துல புள்ள இருக்கக்குள்ள ஈஸ்ட்ரஜன், புரொஜெஸ்டரோன் ரெண்டும் ஏறும், அதால முரசுட ரத்தக்குழாய் இளகி, முந்தி ஒண்டும் செய்யாத அதே அளவு அழுக்குக்கு இப்ப முரசு ரெண்டு மடங்கு கோவப்படும். அதோட முதல் மாசங்கள்ல சத்தியெடுத்துக்கிட்டு இருந்திருப்பீங்க, பிரஷ் வாய்க்குள்ள போனாலே ஓங்காளிக்கும், அதால பல்லு ஒழுங்காத் தீட்டியிருக்க மாட்டீங்க, அது உங்கட பிழை இல்ல. அந்தப் பொம்மல் சில பேருக்கு ஒரு சின்னக் கட்டி மாதிரி வளரும், புற்றுநோய் இல்ல, புள்ள பிறந்த பிறகு அநேகமாத் தானா வத்தும். கர்ப்பத்துல இந்த ஹெர்பிஸ் குடும்ப வைரஸுகள் ஒள்ளுப்பம் எழும்புறதும் உண்மைதான், அதால உங்கட முரசுல அதுக்கும் சின்னப் பங்கு இருக்கலாம். இருந்தாலும் செய்ய வேண்டிய வேலை ஒண்டுதான்.

மருந்து கேட்டீங்க. வைரஸ் குளிசை முரசுக்கு வேணாம். நோர்வேயில 2008 ல கடும் முரசு கரைதலோட இருந்த ஒரு நோயாளிக்கு வாலசைக்ளோவிர் குடுத்து நல்ல பலன் கண்டதா எழுதியிருக்காங்க, அது ஒரே ஒரு ஆள். ஒராள வெச்சு ஊருக்கு மருந்து எழுத ஏலாது, அதுவும் கர்ப்பிணிக்கு. வைரஸ் இருக்கா எண்டு முரசுல டெஸ்ட் செய்யிறதும் காசுக்குக் கேடு, பொசிட்டிவா வந்தாலும் வைத்தியம் மாறப் போறதில்ல. பார்மசியில போய் முரசு வீக்கம் எண்டு சொல்லி அன்டிபயோட்டிக்கும் வாங்கிடாதீங்க. டெட்ராசைக்ளின், டொக்சிசைக்ளின் வகை வயித்துப் புள்ளைட பல்ல நிறம் மாத்திடும். நோவு வந்தா பரசிட்டமோல் அளவோட போடலாம், இபுபுரோஃபன் வகைய டொக்டர் சொல்லாமத் தொடாதீங்க.

குணங்குறி காட்டாத வைரஸ் எண்டு கதைக்கக்குள்ள வேற சிலதையும் சொல்லாம விட்டா மனசு கேக்காது. எச்.ஐ.வி தொத்தின ஆக்கள் வருஷக்கணக்கா ஒரு வருத்தமும் இல்லாம இருப்பாங்க, சில பேருக்கு முதல் அடையாளம் வாயிலதான் வரும், முரசோரம் சிவப்பா கோடு கீறின மாதிரி, இல்லாட்டி முரசு நுனி அழுகி நாறி நோவோட ரத்தம் வாறது, நாக்குப் பக்கம் வெள்ளைப் படை. அழுக்கு இல்லாத இடத்துல கூட அந்தச் சிவப்புக் கோடு நிக்கும், கிளீன் பண்ணியும் போகாது. நீங்க இதுக்குப் பயப்படத் தேவையில்ல, கர்ப்பிணி கிளினிக்ல எடுத்த ரத்தத்துல எச்.ஐ.வியும் சிபிலிஸும் பாப்பாங்க. தாயில இருந்து புள்ளைக்கு இந்த ரெண்டும் போறத இலங்கை இல்லாமச் செஞ்சிட்டு எண்டு 2019 ல உலக சுகாதார நிறுவனம் சான்று குடுத்திருக்கு, எங்கட மருத்துவ மாதுமாரிட உழைப்பு அதுல பெரிய பங்கு. மஞ்சட்காமாலை பி, சி (ஹெபடைடிஸ்) வைரஸ் ரெண்டும் சத்தமில்லாம ஈரலக் கெடுக்கும், ரத்தத்த உறைய வைக்கிற சாமான் ஈரல்லதான் செய்யிறது, அதால ஈரல் நல்லாக் கெட்ட ஆக்களுக்கு முரசால சும்மா ரத்தம் கசியும். கொவிட்ல கூட, ஒரு குணங்குறியும் இல்லாத ஆக்கள்ட எச்சியில வைரஸ் இருந்ததையும் வாய்த் தோலும் எச்சிச் சுரப்பியும் அதுக்கு இடம் குடுக்குது எண்டதையும் 2021 ல காட்டினாங்க.

டெங்கு மட்டும் தனியாச் சொல்லணும், இது எங்கட மண்ணுட விசயம். கார்த்திகையில மழை பிடிச்சுத் தை மாசம் மட்டும் மட்டக்களப்பு, கல்முனை, அக்கரைப்பற்று எல்லாம் நுளம்புதான். டெங்கு தொத்தின நாலு பேருல மூணு பேருக்குப் பெரிசா ஒண்டும் தெரியாமப் போயிடும். ஆனா காய்ச்சல் வந்து, அதோட முரசாலயோ மூக்காலயோ ரத்தம் வந்தா அது பல் வருத்தம் இல்ல, பிளேட்லெட் (ரத்தத்த உறைய வைக்கிற சின்ன அணு) விழுகிற அடையாளம், உடன ஆஸ்பத்திரி. 2017 ல நாடு முழுக்க 186,101 பேர் டெங்கு எண்டு பதிவானாங்க, அந்த வருஷம் பல் கிளினிக்குக்கு முரசு ரத்தம் எண்டு வந்த ரெண்டு பேர நான் கையோட வார்டுக்கு அனுப்பினன். கர்ப்பிணி நீங்க, காய்ச்சல் எண்டா மூணு நாள் பாப்பம் எண்டு இருக்கப்படாது, முதல் நாளே போங்க, அஸ்பிரினும் இபுபுரோஃபனும் வாயில வைக்கப்படாது. இப்ப உங்களுக்குக் காய்ச்சல் இல்ல, தோல்ல சிவப்புப் புள்ளி இல்ல எண்டு எழுதியிருக்கீங்க, அதால இது அது இல்ல.

மாமிட கதைக்கு வருவம். அவ உங்கள்ல உள்ள அக்கறையிலதான் சொல்றா, கோவிக்காதீங்க. அந்தக் காலத்துல பல்லப் பிடுங்குறது எண்டாலே ரத்தமும் காய்ச்சலுமா இருந்திச்சு, அந்தப் பயம். அவக்கு இப்பிடிச் சொல்லுங்க: கர்ப்பிணி கிளினிக்லயே பல்லக் காட்டச் சொல்லி அனுப்புறாங்க, 4ம் மாசத்துல இருந்து 6ம் மாசம் மட்டும் பல் வேலைக்கு நல்ல காலம், பல்லக் கிளீன் பண்றதால புள்ளைக்கு ஒரு கெடுதியும் வராது, மரத்துப் போக அடிக்கிற ஊசியும் தேவைப்பட்டா போடலாம். 8ம் 9ம் மாசத்துல மல்லாக்கப் படுக்க உங்களுக்கே ஏலாமப் போகும், அதாலதான் இப்பவே போங்க எண்டு சொல்றன். ஆதார வைத்தியசாலை உங்களுக்குக் கிட்டத்தான், அரச கிளினிக்ல காசும் இல்ல.

வீட்டுல, மெல்லிய பிரஷ் ஒண்டு வாங்குங்க, சின்னத் தலை உள்ளது. ரத்தம் வருது எண்டு அந்த இடத்த விட்டுட்டுத் தீட்டுறதுதான் எல்லாரும் செய்யிற பிழை, விட்ட இடத்துலதான் அழுக்கு ஏறும், ரத்தம் கூடும். பிரஷச் சரிச்சு முரசோரத்துல பட வெச்சு சின்னச் சின்ன வட்டமா, ரெண்டு நிமிசம், காலையும் படுக்கப் போகக்குள்ளயும், ஃபுளோரைட் உள்ள பேஸ்ட். நாலஞ்சு நாள் ரத்தம் வரும், பயப்படாமத் தீட்டுங்க, மறுகா குறையும். உமிக்கரி, உப்புத்தூள் போட்டுத் தேய்க்கிறது வேணாம், முரசு கிழியும். சத்தியெடுத்த உடன தீட்டாதீங்க, புளிப்பு பல்லுட மேல் பூச்ச இளக்கியிருக்கும், தண்ணியால கொப்புளிச்சுப் போட்டு அரை மணித்தியாலம் கழிச்சுத் தீட்டுங்க. இளஞ்சூட்டுத் தண்ணியில அரைத் தேக்கரண்டி உப்புப் போட்டு ஒரு நாளைக்கு ரெண்டு மூணு தரம் கொப்புளிக்கலாம். வாய்க் கசப்புக்கு வெத்திலை போடுற பழக்கம் இருந்தா இந்த மாசத்தோட விட்டுடுங்க. வீட்டுக்கு வாற ஆக்களுக்கு வட்டாவில வெத்திலை வைக்கிறது நம்மட மரியாதை, அது இருக்கட்டும், ஆனா பாக்கும் புகையிலையும் உங்கட வாய்க்குள்ள போகப்படாது. வீட்டுல ஆராவது சிகரட் பத்தினா அவருக்கும் ஒண்டு சொல்லுங்க, புகைக்கிற ஆக்களுக்கு முரசு கரைஞ்சாலும் ரத்தம் பெரிசா வராது, நிக்கொட்டின் ரத்தக்குழாயச் சுருக்கிடும், அதால பல்லு ஆடுற மட்டும் தெரியாது. ரத்தம் வாற உங்களுக்கு முரசு கூப்பிட்டுச் சொல்லுது, அவருக்கு அதுவும் இல்ல.

அக்காட சின்னப் புள்ளைகள் வீட்டுல இருக்கு எண்டு எழுதியிருந்தீங்க. சைட்டோமெகலோ உங்களுக்கு ஏற்கெனவே இருந்தாலும் அதுல வேற வேற வகை இருக்கு, சின்னப் புள்ளைகள்ட எச்சியிலயும் மூத்திரத்திலயும் அது நிறைய வரும். அதுகள் கடிச்சுத் தந்த மிச்சத்தச் சாப்பிடாதீங்க, கச்சை மாத்தினா சவர்க்காரம் போட்டுக் கை கழுவுங்க, கொஞ்சிறதெண்டா நெத்தியில கொஞ்சுங்க.

வாற செவ்வாய் புதன்ல போகப் பாருங்க. கர்ப்பிணிக் கார்டையும் அந்த டோர்ச் ரிப்போட்டையும் ரெண்டையும் கொண்டு போங்க, போற போக்குல சீனியும் பாத்தாச்சா எண்டு கார்டுல பாருங்க, கர்ப்பத்துல சீனி ஏறினாலும் முரசு இப்பிடி வீங்கும். கிளீன் பண்ணி ரெண்டு கிழமைக்குப் பிறகும் அந்தப் பொம்மல் குறையாம வளந்தா, இல்லாட்டிப் பல்லு ஆடுற மாதிரித் தெரிஞ்சா, திரும்ப அவங்களிட்டயே போங்க, எனக்கும் ஒரு வரி எழுதுங்க.